ரப்பர் சிரட்டையில் எடுத்த கூத்தாடியின் குடலில் இருப்பது மலேரியாக் கிருமியா?

கேள்வி: மலையோர ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், அருமனையிலிருந்து கேரளத்தின் வெள்ளறடைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) விடாமல் பெய்ததால் எங்கள் பகுதியில் பத்து நாட்களுக்கு மேல் ரப்பர் பால்வெட்டு நடக்கவில்லை. வெட்டு நின்றால் பால் வடியும் கொட்டாங்கச்சிகளான சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் என் தந்தையின் ஐம்பது சென்ட் தோட்டத்திலேயே பாதிச் சிரட்டைகள் வாய் திறந்தபடிதான் கம்பி வளையத்தில் இருந்தன. மழைநீரும் உறைந்து ஒட்டிய பழைய பாலின் மிச்சமும் (ஒட்டுப்பால்) இலைச்சருகும் கலந்து கிடந்த அந்த நீரில் கூத்தாடிகள் துள்ளிக்கொண்டிருந்தன. (வெளியூர் வாசகர்களுக்காக: கொசுப்புழுவை எங்கள் பக்கத்தில் கூத்தாடி என்போம்.)

அவற்றை ஒரு பாட்டிலில் சேகரித்துப் பதினோராம் வகுப்பு மாணவர்களுடன் ஆய்வகத்தில் பார்த்தோம். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி உப்புநீர் விட்டு, இரண்டு ஊசிகளால் ஒரு கூத்தாடியின் குடலை வெளியே இழுத்து நூறு மடங்கு பெருக்கத்தில் வைத்தபோது, குடலுக்குள் நீண்ட உயிரிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு முனை சற்றுப் பருத்தும் மறுமுனை ஒடுங்கியும், வெள்ளரி விதையை இழுத்து நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. உடலின் நடுப்பகுதியில் ஒரே ஒரு வெளிறிய வட்டம் தெரிந்தது, அது உட்கருவாக இருக்கலாம். காலோ மயிரிழையோ இல்லாமலே சில மெதுவாக வழுக்கி நகர்ந்தன. பன்னிரண்டு கூத்தாடிகளை அறுத்துப் பார்த்ததில் ஏழில் இவை இருந்தன. ஒன்றில் இருபதுக்கு மேல் எண்ணினோம்.

மாணவர்கள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் ஒரு மாணவியின் தந்தை, அவர் பால்வெட்டுத் தொழிலாளி, பள்ளிக்கே வந்து, "டீச்சர், எங்கள் சிரட்டையில் மலேரியாக் கிருமி இருக்கிறது என்று பிள்ளை சொல்கிறாள், அந்தத் தண்ணீரில் தினமும் கை வைக்கிறோமே" என்று கேட்டார். அவருக்கு உறுதியான பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இது மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியமா, அல்லது வேறு ஏதேனுமா? வேறாக இருந்தால் அதனால் மனிதருக்குத் தீங்கு உண்டா? இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பள்ளியின் சிமெண்டுத் தொட்டியிலிருந்து எடுத்த கூத்தாடிகளில் ஒன்று மட்டும் உள்ளே பால் ஊற்றியது போல முழுவதும் வெளுத்திருந்தது. அதுவும் இதே நோய்தானா?


பதில் 1: நுண்ணோக்கிக்காரன்

டீச்சருக்கு வணக்கம். கொசு ஆய்வகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் தொழில்நுட்ப உதவியாளராக இருந்து, கணக்கில்லாத கொசுக்களை அறுத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்தத் தொழிலாளியிடம் இன்றே சொல்லிவிடலாம்: நீங்கள் பார்த்தது மலேரியாக் கிருமி அன்று. இதைச் சொல்ல எனக்குப் படம்கூடத் தேவையில்லை. கூத்தாடியின் குடலில் பார்த்தேன் என்று நீங்கள் எழுதிய ஒரு வரியே போதும். பிளாஸ்மோடியம் கொசுவுக்குள் நுழைய இருக்கும் ஒரே வழி, நோயாளியின் இரத்தத்தைப் பெண்கொசு உறிஞ்சுவதுதான். கூத்தாடி இரத்தம் குடிப்பதில்லை. தாய்க்கொசுவிடமிருந்து முட்டை வழியாகவும் பிளாஸ்மோடியம் அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. ஆகவே எந்தக் கூத்தாடியின் குடலிலும் மலேரியாக் கிருமி இருக்க வழியில்லை.

நீங்கள் வருணித்த உருவமும் ஒற்றை உட்கருவும் வழுக்கும் நகர்வும் கிரெகரின் என்னும் ஒருசெல் ஒட்டுண்ணிக்கு அப்படியே பொருந்துகின்றன. கொசுக்களில் வாழும் இந்த இனத்துக்கு அஸ்கோகிரெகரினா என்று பெயர். பிளாஸ்மோடியமும் இதுவும் ஏபிகாம்ப்ளெக்சா என்ற ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை என்பதால் பங்காளிகள் என்று சொல்லலாம். ஆனால் பங்காளிகள் இருவரும் கொசுவின் உடலுக்குள் போகும் வழி வேறு வேறு. உங்கள் மூன்று கேள்விகளில் இரண்டுக்கு விடை அந்த வழியில்தான் இருக்கிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சிரட்டையின் அடியில் படிந்த வண்டலில் இந்த ஒட்டுண்ணியின் ஊசிஸ்டுகள் கிடக்கும். நெசவுத் தாரைப் போல இருமுனையும் கூர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நீளமே கொண்ட உறைகள் அவை. ஒவ்வொன்றுக்குள்ளும் எட்டு ஸ்போரோசோயிட்டுகள் (தொற்றை உண்டாக்கும் பருவத்துக் கிருமிகள்) இருக்கும். கூத்தாடி வண்டலைத் தின்னும்போது உறையும் உள்ளே போகிறது, குடலில் உடைகிறது, எட்டும் வெளியேறி நடுக்குடல் சுவரின் செல்களுக்குள் நுழைகின்றன. சில நாட்கள் செல்லுக்குள் வளர்ந்தபின் குடலின் உட்குழிக்கு வந்து, முனையால் சுவரைப் பற்றிக்கொண்டு பெரிதாகின்றன. நீங்கள் பார்த்தது இந்தப் பருவத்தைத்தான்.

இனிமேல் நடப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை. கூத்தாடி கூட்டுப்புழுவாக மாறும்போது அதன் பழைய நடுக்குடல் கலைந்து, வளர்ந்த கொசுவுக்கான புதுக்குடல் உருவாகிறது. குடலிலேயே தங்கியிருந்தால் ஒட்டுண்ணியும் அதோடு கலைந்துபோகும். ஆனால் கொசுவின் கழிவு நீக்கும் உறுப்புகளான ஐந்து மால்பிஜியன் குழல்கள் இந்த உருமாற்றத்தில் அழியாமல், புழுவிலிருந்து கொசுவுக்கு அப்படியே கடந்து போகின்றன. கிரெகரின் சரியாக அந்த நேரத்தில் குடலை விட்டு மால்பிஜியன் குழல்களுக்குக் குடிபெயர்கிறது. கொசுவின் உருமாற்றத்தை இயக்கும் எக்டைசோன் என்னும் இயக்குநீரே ஒட்டுண்ணிக்கும் நாள் குறித்துக் கொடுக்கிறது. குழலுக்குள் இரண்டிரண்டாக இணைந்து உருண்டையாகி, அந்த உருண்டைக்குள் மீண்டும் நூற்றுக்கணக்கான ஊசிஸ்டுகளை உண்டாக்குகின்றன. கொசு கூட்டிலிருந்து வெளிவரும்போது கழிக்கும் கழிவோடும், பின்பு நீரோரத்தில் இடும் எச்சத்தோடும், நீரில் விழுந்து சாகும்போது அதன் உடலோடும் அவை நீரில் சேர்ந்து அடுத்த கூத்தாடிக்காகக் காத்திருக்கின்றன.

இந்த வழியில் உமிழ்நீர்ச் சுரப்பி எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கொசு கடிக்கும்போது நம் தோலுக்குள் இறங்குவது உமிழ்நீர் மட்டும்தான். கிரெகரின் உமிழ்நீரை எட்டுவதே இல்லை. அந்த நீரில் கை வைத்தாலும், தவறிப்போய் வாயில் பட்டாலும் அது மனிதருக்குள் வளர்வதில்லை.

உங்கள் மாணவர்கள் செய்த பிழையை அவர்களுக்கு முன்பே மலேரியா ஆராய்ச்சியின் தலைமகனும் செய்யக்கூடிய இடத்தில்தான் இருந்தார். ரொனால்டு ராஸ் இந்தியாவில் கொசுக்களை அறுத்து மலேரியாவைத் தேடிக்கொண்டிருந்தபோது இதே ஒட்டுண்ணியைச் சந்தித்தார். ஏடிஸ் எஜிப்தி கொசுவில் வாழும் வகையை 1898-இல் முதலில் விவரித்தவர் அவரே. அந்தக் காலத்தில் அவருடைய குருவான பாட்ரிக் மேன்சன், கொசு நீரில் செத்து விழுந்து, அந்த நீரைக் குடிப்பதால்தான் மலேரியா வருகிறது என்று கருதினார். கொசு செத்துக் கிடந்த நீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தும் ராஸ் சோதித்தார். சிரட்டைத் தண்ணீரைக் கண்டு அஞ்சும் உங்கள் ஊர்த் தொழிலாளி, மேன்சன் நின்ற இடத்தில்தான் நிற்கிறார், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.


பதில் 2: ஓய்வுபெற்ற களப்பணியாளர்

முன்னவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மலேரியாத் தடுப்புப் பணியில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன் என்பதால், டீச்சர் மாணவர்களுக்கு ஒப்பிட்டுக் காட்டுவதற்காக மலேரியாக் கிருமி கொசுவுக்குள் போகும் வழியையும் எழுதுகிறேன்.

நோயாளியின் இரத்தத்தோடு கொசுவின் வயிற்றுக்குள் போகும் கெமீட்டோசைட்டுகள் (கிருமியின் ஆண், பெண் வடிவங்கள்), மனித உடலின் சூடு விலகிக் குளிர்ந்ததையும் கொசுவின் உடலில் உள்ள சாந்துரெனிக் அமிலத்தையும் அடையாளமாகக் கொண்டு விழித்தெழுகின்றன. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆண் கெமீட்டோசைட் எட்டு வாலிழைகளாகச் சிதறுகிறது. 1880-இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் லாவரான் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர் ஒரு படைவீரரின் இரத்தத்தில் பார்த்தது இந்தச் சாட்டை வீச்சைத்தான். உடலுக்கு வெளியே எடுத்த இரத்தம் கண்ணாடித் தகட்டில் குளிர்ந்ததால் அவருக்கு அது கண்ணில் பட்டது. கருவுற்ற அணு ஏறத்தாழ ஒரு நாளில் ஊர்ந்து செல்லும் வடிவம் பெற்று, குடல் சுவரைத் துளைத்து, சுவரின் வெளிப்புறத்தில் உருண்டையாக ஒட்டிக்கொள்கிறது. அது முதிர்ந்து வெடிக்கும்போது ஆயிரக்கணக்கான ஸ்போரோசோயிட்டுகள் கொசுவின் உடல்நீரில் மிதந்து உமிழ்நீர்ச் சுரப்பியைச் சேர்கின்றன. செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்டு 20 அன்று ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் பார்த்த கருநிறத் துகள் கொண்டவை, குடல் சுவரில் ஒட்டிய அந்த உருண்டைகள்தாம். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து உமிழ்நீர்ச் சுரப்பி வரைக்கும் அவர் வழியை முடித்துக் காட்டினார்.

இந்தப் பயணம் முடிய நம் ஊர் வெப்பத்தில் பத்து முதல் பதினான்கு நாட்கள் வேண்டும். குளிர் கூடினால் இன்னும் நீளும். பெரும்பாலான கொசுக்கள் அதற்கு முன்பே செத்துவிடுகின்றன. வீட்டுச் சுவரில் மருந்தடித்ததன் கணக்கு இதுதான். எல்லாக் கொசுவையும் கொல்ல முடியாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் கொசு அந்தப் பன்னிரண்டு நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் டிடிடி-யை நம்பி நின்றது இந்தக் கணக்கின் மேல்தான். மக்களுக்கு இதை விளங்க வைக்க முடியாமல், "மருந்தடித்த பின்னும் கொசு பறக்கிறதே" என்று எத்தனை வீட்டு வாசலில் வசவு வாங்கியிருக்கிறேன்!

இன்னொரு செய்தி. மனித மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் கொசு மட்டுமே. அதன் கூத்தாடிக்கு மூச்சுக்குழல் நீண்டிருக்காது என்பதால் நீரின் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். ஏடிஸ், கியூலெக்ஸ் கூத்தாடிகள் வாலில் உள்ள குழலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். டீச்சரின் பாட்டிலில் அவை தொங்கிக்கொண்டு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அனாபிலஸ் ஸ்டீபன்சி கிணற்றையும் மேல்நிலைத் தொட்டியையும் நாடும், அனாபிலஸ் புளுவியாட்டிலிஸ் மலையோடைகளை நாடும். மலேரியா தேடி நாங்கள் சிரட்டையைப் பார்த்ததே இல்லை. கிணற்றுக்குள் வாளி இறக்கித்தான் பார்ப்போம்.

ஒன்றை மட்டும் அந்தத் தொழிலாளியிடம் சேர்த்துச் சொல்லுங்கள். வெளிமாநிலத்தில் வேலை செய்து திரும்பியவர் யாருக்கேனும் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் இரத்தத் தடவல் எடுக்காமல் மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. வைவாக்ஸ் வகைக் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து மீண்டும் எழும். அதை அழிக்கப் பிரைமாகுயின் மாத்திரையை மருத்துவரின் மேற்பார்வையில் பதினான்கு நாட்கள் முழுமையாக எடுக்க வேண்டும்.


பதில் 3: பாறசாலைத் தோட்டக்காரர்

எனக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் மூன்று ஏக்கர் ரப்பர் இருக்கிறது. 2007-இல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் வீட்டில் ஐந்து பேரும் படுத்துவிட்டோம். என் தாயார் ஓராண்டு வரைக்கும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தார். ஆகவே மலேரியா இல்லை என்றவுடன் என் மனம் நிம்மதி அடைந்துவிடவில்லை. இரண்டு கேள்விகள். இந்தக் கிரெகரின் கொசுவின் உடலைத் தின்று வளர்கிறது என்றால், அதையே பெருக்கிச் சிரட்டைகளில் விட்டுக் கொசுவை ஒழிக்க முடியாதா? அடுத்து, அது சிக்குன்குனியாவைக் கூட்டுமா குறைக்குமா?


பதில் 4: சித்தூர்ப்புழை

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவள். கொசுக்களின் நுண்ணுயிர்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். தோட்டக்காரர் அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. பலர் முயன்று பார்த்துக் கைவிட்ட வழி அது.

ரப்பர்த் தோட்டங்களில் சிரட்டையை நிரப்புவது பெரும்பாலும் ஏடிஸ் அல்போபிக்டஸ். முதுகின் நடுவில் ஒற்றை வெள்ளிக்கோடு ஓடும் இந்தக் கொசுவை 1894-இல் கல்கத்தாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டுதான் அறிவியல் உலகம் முதலில் விவரித்தது. 2007-இல் மத்தியக் கேரளத்தின் ரப்பர் மாவட்டங்களைச் சிக்குன்குனியா அப்படிப் படுக்க வைத்ததற்கும் இந்தக் கொசுவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வைரஸின் மேலுறைப் புரதத்தில் ஏற்பட்ட ஒரே ஓர் அமினோ அமில மாற்றம் அல்போபிக்டஸின் குடலில் அது எளிதாகத் தொற்ற உதவியது. அந்த மாற்றம் ரீயூனியன் தீவில் முதலில் காணப்பட்டு, 2007-இல் கேரளத்து மாதிரிகளிலும் தென்பட்டது.

அல்போபிக்டஸின் கிரெகரின் அஸ்கோகிரெகரினா தைவானென்சிஸ் எனப்படும். தைவானில் கண்டு 1980-இல் பெயரிட்டார்கள். தன் சொந்தக் கொசுவில் அது ஏறக்குறைய சாதுவாகவே வாழ்கிறது. காரணம் எளிது: கூத்தாடி செத்துவிட்டால் ஒட்டுண்ணியின் பிழைப்பும் முடிந்தது, வளர்ந்த கொசு பறந்து போய் வேறொரு சிரட்டையில் எச்சமிட்டால்தான் அதற்குப் புது ஊர் கிடைக்கும். பழக்கமில்லாத வேறு கொசு இனத்துக்குள் போனால் அதே தைவானென்சிஸ் கூத்தாடிகளைக் கூட்டமாகக் கொல்கிறது. ஆனால் அந்த வேற்றினத்தில் அது ஒழுங்காக ஊசிஸ்டு உண்டாக்கித் தொடர்வதில்லை. எனவே தொடர வேண்டிய கொசுவை அது கொல்வதில்லை, கொல்லும் கொசுவில் அது தொடர்வதில்லை. கொசு ஒழிப்புக்கு இதைவிடப் பயனற்ற கருவியைத் தேடினாலும் கிடைக்காது.

நுண்ணோக்கிக்கார அண்ணன் சொன்னதோடு ஒரு சிறு திருத்தமும் சேர்க்க விரும்புகிறேன். மனிதருக்குத் தீங்கில்லை என்றார், சரிதான். அதைப் படிப்பவர் கொசுவுக்கும் தீங்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உணவு தாராளமாக இருக்கும் பாத்திரத்தில் வளர்த்தால் தொற்றுள்ள கூத்தாடிக்கும் இல்லாததற்கும் வேறுபாடு தெரியாது. ஒரே சிரட்டையில் நெருக்கியடித்துக்கொண்டு, சருகு குறைவாக இருக்கும் நிலையில், தொற்றுள்ளவை பின்தங்குகின்றன. 1985-இல் பழைய டயர்கள் வழியாக அமெரிக்காவின் ஹூஸ்டனில் அல்போபிக்டஸ் குடியேறியது கண்டறியப்பட்டதல்லவா? அங்கே அது புதிதாகக் கால்வைத்த இடங்களில் கிரெகரின் முதலில் அரிதாகவே இருந்தது, கொசு நிலைத்தபின் சில ஆண்டுகளில் கூடியது. ஒட்டுண்ணி பின்னால் வந்து சேரும் வரை கொசுவுக்கு ஒரு சுமை குறைந்திருந்தது. அந்த இடைவெளி அது உள்ளூர்க் கொசுக்களோடு போட்டியிட உதவியிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

சிக்குன்குனியா பற்றி: புனேயின் தேசிய வைராலஜி நிறுவன ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஏடிஸ் எஜிப்தியின் கிரெகரின் ஊசிஸ்டுகளுக்குள் இந்த வைரஸ் தங்கியிருந்து, அந்த ஊசிஸ்டுகளைத் தின்ற புதிய கூத்தாடிகளுக்குப் போய்ச் சேரக்கூடும் என்று காட்டினார்கள். கோடையில் கொசு இல்லாத மாதங்களை வைரஸ் எப்படிக் கடக்கிறது என்ற புதிருக்கு இது ஒரு விடையாக இருக்கலாம் என்பது அவர்களின் எண்ணம். ஆய்வகத்தில் கண்டது இது. தோட்டத்துச் சிரட்டையில் நடப்பதாக இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. இருந்தாலும் நான் அந்தத் தோட்டத்தின் உரிமையாளராக இருந்தால், சிரட்டையில் தண்ணீரைக் கொட்டுவதோடு நிற்காமல் அடியில் உள்ள வண்டலையும் வழித்து வெயிலில் எறிந்திருப்பேன். ஏடிஸ் முட்டைகளும் சிரட்டையின் உட்சுவரில்தான் ஒட்டிக்கொண்டு உலர்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்க்காமல் கவிழ்த்தால் முட்டை அங்கேயேதான் இருக்கும்.

இனி டீச்சரின் வெள்ளைக் கூத்தாடி. உடலுக்கு வெளியே பஞ்சு போலப் படர்ந்திருந்தால் அது வோர்ட்டிசெல்லா போன்ற உயிரி. கூத்தாடியின் மேல் சவாரி செய்யுமே தவிர உள்ளே நுழையாது. நீங்கள் உள்ளே வெளுத்திருந்தது என்று எழுதியிருப்பதால் எனக்கு மைக்ரோஸ்போரிடியாவின் மேல்தான் சந்தேகம். முன்பு இவற்றையும் புரோட்டோசோவாவில் சேர்த்தார்கள், இப்போது பூஞ்சைகளுக்கு உறவாக வைக்கிறார்கள். எப்படியானாலும் ஒருசெல் ஒட்டுண்ணிதான். இவற்றின் ஸ்போருக்குள் (பரவ உதவும் விதை போன்ற நுண்மணிக்குள்) சுருள் சுருளாக ஒரு நுண்குழாய் இருக்கிறது. உரிய இடத்தில் அது வெடித்துப் பாய்ந்து, தான் தங்கும் உயிரியின் செல்லைக் குத்தி, உள்ளிருப்பதை ஊசி போட்டது போல இறக்கிவிடும். கூத்தாடியின் கொழுப்புத் திசு முழுவதும் இலட்சக்கணக்கான ஸ்போர்களால் நிரம்பும்போது அந்தப் பால்நிறம் வருகிறது. கிரெகரின் எத்தனை இருந்தாலும் கூத்தாடி இப்படி வெளுக்காது, ஆகவே இரண்டும் வேறு நோய்கள்.

தொட்டியில் வளரும் கியூலெக்ஸ் கொசுவில் அம்பிளியோஸ்போரா என்ற வகை உண்டு. செத்த கூத்தாடியிலிருந்து சிதறும் ஸ்போர் அடுத்த கூத்தாடியை நேரடியாகத் தொற்றாது; நடுவில் சைக்ளோப்ஸ் போன்ற ஒரு நீர்ப்பூச்சிக்குள் போய் வேறு வகை ஸ்போராக மாறி வந்தால்தான் தொற்றும். சைக்ளோப்ஸ் என்றதும் பழைய ஆட்களுக்கு நரம்புச்சிலந்தி நினைவுக்கு வரும். படிக்கிணற்று நீரோடு அந்தப் புழுவை மனிதருக்குள் கொண்டுவந்ததும் இதே பூச்சிதான். நரம்புச்சிலந்தி 2000-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டதாகச் சான்றளிக்கப்பட்டது, பூச்சி மட்டும் குளங்களில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கொசுவைக் கொல்லாமல் நமக்குப் பயன்படக்கூடிய ஒருசெல் ஒட்டுண்ணி ஏதேனும் உண்டா என்று அண்ணன் கேட்டிருந்தால் மைக்ரோஸ்போரிடியாவைத்தான் காட்டியிருப்பேன். கென்யாவில் அனாபிலஸ் அராபியென்சிஸ் கொசுக்களில் வாழும் ஒரு வகை, கொசுவுக்குப் பெரிய தீங்கு செய்யாமலே அதற்குள் மலேரியாக் கிருமி வளர்வதைத் தடுக்கிறது என்று 2020-இல் வெளியானது. தாயிடமிருந்து முட்டைக்குப் போகும் வகை அது என்பதால் தானாகவே பரவும் வாய்ப்பு உண்டு. அதே வேளையில் இந்தக் குடும்பம் முழுவதையும் சாது என்று நம்பிவிடவும் கூடாது. ஆய்வகத்து அனாபிலஸ் ஸ்டீபன்சியில் 1970-இல் விவரிக்கப்பட்ட ஒரு வகை, நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்துவந்த ஓர் அமெரிக்கப் பெண்ணின் தசைகளில் பரவி அவர் உயிரிழந்ததாக 2004-இல் மருத்துவ இதழில் பதிவானது.


பதில் 5: நுண்ணோக்கிக்காரன்

சித்தூர்ப்புழையின் திருத்தம் சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். டீச்சர், உருவத்தை மட்டும் பார்த்து நான் சொன்னதை நீங்கள் அப்படியே நம்ப வேண்டாம். மால்பிஜியன் குழலில் பார்த்துவிட்டால் ஐயம் இராது. கூட்டுப்புழுக்களை மட்டும் பிரித்து ஒரு கண்ணாடிக் குவளையில் விட்டு, வாயை வலைத்துணியால் இறுகக் கட்டுங்கள். இரண்டு மூன்று நாளில் கொசு வெளிவரும். மேலும் இரண்டு நாள் பொறுத்து, குவளையோடு குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கொசு முற்றிலும் செத்தபின் அறுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றைக்கூடப் பறக்க விடாதீர்கள். சில வைரஸ்கள் முட்டை வழியாகவும் வரக்கூடும். வயிற்றின் கடைசிக்கு முந்திய வளையத்தை ஊசியால் பற்றி மெதுவாக இழுத்தால் குடலோடு ஐந்து குழல்களும் சேர்ந்து வரும். தொற்று இருந்தால் குழல் தடித்து, உள்ளே நெல்மணி அடுக்கியது போல ஊசிஸ்டுகள் தெரியும். இதற்கு நானூறு மடங்கு பெருக்கம் வேண்டும்.


கேள்வி கேட்டவர்: மலையோர ஆசிரியை

எல்லோருக்கும் மிக்க நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், நடுவில் தேர்வுப் பணி வந்துவிட்டது.

களப்பணியாளர் ஐயா சொன்னபடி பாட்டிலை மீண்டும் பார்த்தோம். எல்லாம் தலைகீழாகத்தான் தொங்கின. ஒன்பது கூட்டுப்புழுக்களைக் குவளையில் வைத்ததில் எட்டு கொசுக்கள் வந்தன. எட்டுக்கும் முதுகில் ஒற்றை வெள்ளிக்கோடு இருந்தது. அறுப்பதில் எங்களுக்குக் கை பழகவில்லை, முதல் மூன்றைச் சிதைத்துவிட்டோம். நான்காவதை எடுத்தது அந்தத் தொழிலாளியின் மகள். ஐந்து குழல்களில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிடத் தடித்திருந்தன. நானூறு மடங்கில் வைத்தபோது, இருமுனையும் கூர்ந்த சிறு மணிகள் குழல் நிறைய இருந்தன. மீதமிருந்த நான்கில் மூன்றிலும் அவ்வாறே இருந்தது. நடுக்குடலில் ஒன்றுகூட இல்லை. குடிபெயர்ந்துவிட்டன என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டோம்.

வெள்ளைக் கூத்தாடி கூட்டுப்புழு ஆகாமலே செத்துவிட்டது. அதன் உடலை நசுக்கிப் பார்த்ததில் முட்டை வடிவத்தில் எண்ண முடியாத அளவுக்கு நுண்மணிகள் இருந்தன. அந்தத் தொட்டி நீரை ஒரு துளி எடுத்துப் பார்த்தபோது சைக்ளோப்ஸும் இருந்தது என்பதைச் சித்தூர்ப்புழைக்குச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை அந்தத் தொழிலாளியை அழைத்து அந்தத் தகட்டைக் காட்டினேன். நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்த்தார். கடியில் வராது என்பதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு, "அடியில் இருக்கிற வண்டலில்தானே இருக்கிறது என்கிறீர்கள்? சிரட்டையில் ஒட்டுப்பாலை உரித்து எடுக்கும்போது அந்த வண்டலும் முட்டையும் பாலோடு சேர்ந்து வந்துவிடும், வெட்டு நிறுத்துகிற அன்றைக்கே உரித்துவிட்டால் தேய்க்கவே வேண்டாம்" என்றார். நாங்கள் யாரும் இதை யோசிக்கவில்லை. ஒட்டுப்பால் உரித்த பத்துச் சிரட்டைகளையும் உரிக்காத பத்தையும் துலாம் (ஐப்பசி) மாத மழையில் அருகருகே வைத்து எண்ணிப் பார்க்க மாணவர்கள் இப்போதே எண் எழுதி ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். எண்ணிக்கை வந்ததும் இதே இழையில் இடுகிறேன்.